கதிரையில் அமர்ந்த கைபேசி

1

2024 ஓகஸ்ட் 10, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து கிணற்றடியில் முகம் கழுவினேன். அக்காவின் கணவர், அத்தார், வாழைக்கு இறைக்கப் புறப்பட்டார். அவர் மோட்டரைப் பார்த்துக்கொள்ள, நான் மண்வெட்டியுடன் நின்று பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டேன். காலையில் இடியப்பமும் சொதியும். நல்லூர்க் கோயிலில் கொடி ஏறிவிட்டதால், கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்து நான் தங்கியிருந்த அக்கா வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. மத்தியானம் கத்தரிக்காய்ப் பால்கறி. சாப்பிட்டுச் சிறிது நேரம் படுத்தேன். மூன்று மணிக்கு அத்தாரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் மைதானத்துக்குப் போனேன்.

முன்வரிசையில் விருந்தினர்களுக்காக வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள் போடப்பட்டிருந்தன. அவற்றில் நடுக்கதிரையில் ஒரு கைபேசி அமர்ந்திருந்தது.

மிகைப்படுத்தி எழுதுவது என் பழக்கமல்ல. கதிரையில் ஒரு சிறு தாங்கி, தாங்கியில் கைபேசி, அதற்கு வெயில் படாமல் குடை பிடித்தபடி விளையாட்டுக் கழகச் செயலாளர் குகன். திரையில் இருந்தவர் எங்கள் கழகத்துக்குக் காசு அனுப்பும் போசகர் பேரின்பம் அண்ணை. கனடாவில் அப்போது விடியற்காலை. அவர் இரவு உடுப்போடு, கையில் கோப்பியோடு, எங்கள் ஊர்ப் பெண்களின் ஹொக்கி அணியை நடத்தத் தயாராக இருந்தார்.

மைதானத்தின் மறுகரையில் பதினொரு பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். அவர்களுக்குக் குடை பிடிக்க ஒருவரும் இல்லை.

2

நீர்வேலிக்கும் உரும்பிராய்க்கும் இடையில் எங்கள் ஊர். பெயர் இங்கே வேண்டாம். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் ஹொக்கி என்றால் பெண்கள் ஆடுவது. அதை உண்டாக்கியவர் மங்களம் ரீச்சர். உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். போருக்குப் பின் தரிசாகக் கிடந்த காணியில் பிள்ளைகளைச் சேர்த்து ஓட விட்டார். சில வருடங்களில் அந்த அணி மாவட்டத்தில் முதலாவதாக வந்தது. வாழைக்குலை ஏற்றும் லொறியில் பிள்ளைகளை நிறுத்தி ஊரைச் சுற்றி வந்த படத்தை நான் கனடாவில் இருந்து பார்த்தேன். அன்றிலிருந்து ஆட்டம் என்றால் ஊர்ச் சனம் வரும். தோட்டத்தால் வருகிறவர்கள் மண்வெட்டியோடு வேலி ஓரத்தில் நிற்பார்கள்.

வெற்றி வந்ததும் போசகர்களும் வந்தார்கள். கனடாச் சங்கம் அணியைப் 'பொறுப்பெடுத்தது'. நானும் அந்தச் சங்கத்தின் உறுப்பினன்தான். பொறுப்பெடுத்த பின் நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

மைதானத்தின் மேடு பள்ளத்தை நிரவுவதற்கு முன் மின்விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். இப்போது பள்ளங்கள் இரவிலும் தெளிவாகத் தெரிகின்றன. பிள்ளைகளின் மேலாடையில் பேரின்பம் அண்ணையின் காலஞ்சென்ற தாயாரின் படத்தைத் தோற்றம், மறைவு திகதிகளுடன் அச்சிட்டார்கள். பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி நெஞ்சில் ஓர் அமரரைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும். முகத்து வியர்வையைத் துடைக்க ஆடையைத் தூக்கினால், 'அம்மாவின்ரை முகத்திலை துடைக்கிறாள்' என்று முறைப்பாடு கனடாவுக்குப் போகும். அடுத்து, ஒரு பெட்டி நிறைய ஹொக்கி மட்டைகள் வந்தன. எல்லாம் பனித்தரையில் ஆடுபவை. கனடாவில் எங்களுக்குத் தெரிந்த ஹொக்கி அது ஒன்றுதானே. ரீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், ஒருவரும் கேட்கவில்லை. அந்த மட்டைகளில் இப்போது பயற்றங்கொடி படர்கிறது.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. அணியைத் தோற்கடித்தது அடுத்தது: ஆட்டத்தை வீடியோ அழைப்பில் பார்த்து, யார் எங்கே நிற்பது, யார் உள்ளே வருவது என்று போசகரே சொல்லத் தொடங்கினார். படம் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்து அவருடைய கட்டளை திரும்பி வருவதற்குள் பந்து மற்றக் கரைக்குப் போயிருக்கும். முதலாவதாக இருந்த அணி இவ்வாறு கடைசி இடத்துக்கு வந்தது. அன்றைய ஆட்டத்தில் தோற்றால் இரண்டாம் பிரிவு.

3

நானும் பேரின்பம் அண்ணையும் கனடாவில் ஒரே சிறு நகரத்தில் இருக்கிறோம். அங்கே ஒரு பனிஹொக்கி அணி உண்டு. நான் கனடா வந்த முதல் குளிர்காலத்தில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு நுழைவுச்சீட்டுத் தந்தார். அகதி விண்ணப்பக் கந்தோரில் தவறான சொல் ஏதும் வாயில் வந்துவிடுமோ என்று மாதக்கணக்காக வாயை மூடி நடந்தவன் நான். அந்த அரங்கில் ஆயிரம் பேர் கத்தினார்கள். நானும் தமிழில் கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை.

என் மகளைச் சின்ன வயதில் கூட்டிப்போவேன். ஆட்ட விதிகளை நான் பிழையாகச் சொல்ல, அவள் திருத்துவாள். அப்போது தமிழில்தான் திருத்துவாள். பிறகு இரண்டு மொழியும் கலந்தது, பிறகு ஒரு மொழி ஆனது. இப்போதும் அவள் அரங்குக்கு வருகிறாள், சிநேகிதிகளோடு, வேறு வரிசையில். இடைவேளையில் தூரத்தில் இருந்து கை காட்டுவாள். அதையும் குறை சொல்ல மாட்டேன். கை காட்டாத பிள்ளைகளையும் எனக்குத் தெரியும்.

அந்த அணிக்கும் ஒரு முதலாளி இருக்கிறான். குளிரே இல்லாத அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் அவன் வசிக்கிறான். மருமகனை மேலாளராக்கினான். நல்ல கோல் காப்பாளனைப் பருவத்தின் நடுவில் வேறு அணிக்கு விற்றான். ஆட்டம் நடக்கும்போதே பயிற்சியாளருக்குப் போன் எடுக்கிறான் என்று பேச்சு. போன மாசியில் அணியின் ஆண்டு விழாவுக்கு அவன் வந்து பனித்தரை நடுவில் ஒலிவாங்கியைப் பிடித்தபோது, அரங்கில் பாதிப்பேர் எழுந்து அவனுக்கு முதுகைக் காட்டி நின்றோம். எங்கள் வரிசையில் முதலில் எழுந்தவர் பேரின்பம் அண்ணை.

"திரும்படா! அவன்ரை மூஞ்சையைப் பாக்காதை!" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "கண்காணாத இடத்திலை இருந்துகொண்டு ரீம் நடத்திறாராம் ரீம்! விளையாட்டைப் பற்றி உவனுக்கு என்ன தெரியும்?"

அன்று அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

4

இனி ஜெனிற்றாவைப் பற்றி.

இரண்டு வருடமாக எங்கள் அணியின் கோல் காப்பாளர் அவள். ஊர் குருநகர். தகப்பன் மரியதாஸ் கடற்றொழிலாளி. பள்ளிக்கூடப் போட்டி ஒன்றில் அவள் ஆட்டத்தைக் கண்ட மங்களம் ரீச்சர் போன் எடுத்து அணிக்குக் கூப்பிட்டார். அவளும் செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரப் பயிற்சிக்குப் பஸ் ஏறி வந்தாள். தோற்றுக்கொண்டே வந்த அணி மானத்தோடு தோற்றது அவளால்தான். மூன்று கோல் விழுந்தால், வேறு ஏழு பந்துகளை அவள் தடுத்திருப்பாள்.

போன மாதம் கனடாச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. ஊரின் பேரில் ஆடும் அணியில் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் ஆடவேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் கிராம அலுவலரான விதானையாரிடம் வதிவிடக் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பந்து தடுப்பதற்கு விதானையாரின் கடிதம்! மாவட்டச் சங்கம் அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. நீர்வேலியில் இருந்து வரும் இரண்டு பிள்ளைகளிடமும் ஒருவரும் கேட்கவில்லை. கடிதம் இல்லாததால் நிறுத்தப்பட்டவள் ஒருத்திதான். காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதில் எங்கள் ஊர் எப்போதும் வலு கெட்டி.

ரீச்சர் ஒன்று செய்தார். அவளை விலக்காமல் மாற்று ஆட்டக்காரியாக வைத்துக்கொண்டார். அதனால் அந்தச் சனிக்கிழமை ஜெனிற்றா காலுக்குப் பாட், நெஞ்சுக்குக் கவசம் எல்லாம் கட்டிக்கொண்டு ஓரத்து வாங்கில் பலகையில் இருந்தாள். கோலுக்குள் நின்றவள் கீர்த்தி. முன்னால் நின்று கோல் அடிக்கிற பிள்ளை.

"ரீச்சர், எனக்குப் பயமாக் கிடக்கு. பந்து வரேக்கை கண் தானாப் பூட்டுது" என்றாள் கீர்த்தி.

"கண்ணைத் திறந்து வைச்சிரு மோனை. மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார் ரீச்சர்.

5

ஆட்டம் தொடங்கி வேர்வை வர முன்னரே முதல் கோல் விழுந்தது. கீர்த்தியின் காலுக்கு இடையால் பந்து போயிற்று. சற்றுப் பின் இரண்டாவது. அதை அவள் பார்க்கவே இல்லை.

கைபேசி கத்தியது. "குகன்! இடப்பக்கம் ஆளில்லை! நிரோஜாவை இடப்பக்கம் விடச் சொல்லு!"

குகன் குடையோடு எழுந்து ஓடி ரீச்சரிடம் சொன்னான். அந்த நேரம் பந்து வலப்பக்கம் இருந்தது.

"அண்ணை," என்று வேலிக்கரையில் இருந்து கூவினான் சின்னராசா. அவன் ஊரில் ஓட்டோ ஓட்டுகிறவன், அணியின் ஆட்டம் ஒன்றையும் விடாதவன். "அது முடிஞ்ச கதை அண்ணை! நீங்கள் உங்கை பாக்கிறது போன கிழமை மச்!"

சனம் சிரித்தது. கைபேசி சிரிக்கவில்லை.

"ஆரது? ஆரடா அது கதைக்கிறது? குகன், போனைத் திருப்பு பாப்பம்!"

"திருப்பு, திருப்பு! என்ரை வடிவான முகத்தையும் ஒருக்காக் காட்டு. பொம்பிளை பாத்து அனுப்பட்டும்!"

இடைவேளையில் நான் சின்னராசாவுக்குப் பக்கத்தில் நின்று கச்சான் கடலை கொறித்தேன். அவனுக்குச் சிரிப்புப் போய்விட்டது.

"அங்கை பாருங்கோ அண்ணை," என்று வாங்கிலைக் காட்டினான். "பாட் கட்டின பிள்ளை இருக்குது, பயந்த பிள்ளை நிக்குது. தெய்வத்துக்கு அடுக்குமே? நீங்களும் கனடாக்காரர்தானே, உந்த மனிசனுக்கு ஒண்டு சொல்லேலாதோ?"

"சொன்னாக் கேக்கிற மனிசனில்லை."

"அப்ப அங்கத்தைச் சனம் என்ன செய்யும், முதலாளிமார் இப்பிடிச் செய்தால்?"

மாசியில் நடந்ததைச் சொன்னேன். முதலில் எழுந்தவர் யார் என்பதையும் சொன்னேன். சின்னராசா கச்சான் பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு வேலி ஓரமாக நடந்து, ஒவ்வொருவரிடமும் நின்று ஏதோ சொல்லிக்கொண்டு போனான்.

இரண்டாம் பாதிக்கு ஊதல் ஊதியது. வேலிக்கரைச் சனம் மைதான ஓரமாக நடந்து வந்து, முன்வரிசைக் கதிரைகளுக்கு முன்னால், மைதானத்தைப் பார்த்தபடி நின்றது. கைபேசிக்கு முதுகு. தோட்டத்தால் வந்தவர்கள், சாறத்தை மடித்துக் கட்டியவர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள், எல்லோரும் தோளோடு தோள். நானும் போய் நின்றேன்.

"குகன், என்ன மறைக்குது? ஒண்டும் தெரியேல்லை."

"சனம் நிக்குது அண்ணை."

"விலகச் சொல்லு!"

"விலகுங்கோவன்" என்றான் குகன், ஒரு மரியாதைக்கு.

ஒருவரும் விலகவில்லை. குகன் கதிரையோடு கைபேசியைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் போனான். சனமும் அப்படியே நகர்ந்தது. வலப்பக்கம் வந்தான், சனமும் வந்தது. தேரோடு சனம் நகர்வது போல ஒரு கதிரையோடு ஊர் அங்குமிங்கும் நகர்ந்தது. கடைசியில் குகன் களைத்துப்போய் அதைக் கீழே வைத்தான்.

"அண்ணை, இனி முதுகுதான் தெரியும்" என்றான். அவன் முகத்தில் கவலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ரீச்சர் ஒருமுறை திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார். பிறகு வாங்கிலைப் பார்த்து, "ஜெனிற்றா, எழும்பு" என்றார்.

கோலுக்குள் ஜெனிற்றா, முன்னால் கீர்த்தி. அடுத்த அரைமணி நேரம் எங்கள் ஊர் எங்கள் அணியைப் பார்த்தது. எதிரணிக்குக் கோலுக்குக் கிட்ட இருந்து அடிக்கிற ஷோட் கோணர்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. ஒன்றைக் காலால், ஒன்றை மட்டையால், ஒன்றை விழுந்து முகக்கவசத்தால் தடுத்தாள். கீர்த்தி ஒரு கோல் அடித்தாள். இரண்டாவதும் வந்திருக்க வேண்டும், பந்து ஒரு பள்ளத்தில் விழுந்து விலகிப்போனது. இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

முதற்பாதியில் விட்ட இரண்டு கோலால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். அந்த இரண்டு கோலும் எங்கே தீர்மானிக்கப்பட்டன என்று அங்கு நின்ற குழந்தைக்கும் தெரியும்.

6

தோற்ற அணிக்குச் சனம் கைதட்டி முடிய முன்னரே, குகனிடம் நடந்ததைக் கேட்டறிந்த கைபேசி பேசியது. "பாத்தியளோ? என்ரை சொல்லைக் கேக்காமல் ஆளை மாத்தினதாலைதான் தோத்தது. கடிதம் இல்லாத பிள்ளை இனி கிறவுண்ட் பக்கம் வரக்கூடாது. வந்தால் சங்கம் இனி ஒரு காசும் தராது, சொல்லிப்போட்டன்."

ஜெனிற்றா பாட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளை ஏற்றிப்போக வந்த தகப்பன் மரியதாஸ் பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். இருவர் காதிலும் விழுந்தது.

"காணும். வா பிள்ளை" என்றார் அவர்.

ரீச்சர் ஓடிப்போனார். "அண்ணை, உதைப் பெரிசா எடுக்காதையுங்கோ. நான் இரவைக்குப் போன் எடுத்துக் கதைக்கிறன்."

"போன் வேண்டாம் ரீச்சர்." அவர் குரல் உயரவில்லை. "கூப்பிட்டதும் போனிலை. கடிதம் கேட்டதும் போனிலை. இண்டைக்கு 'இனி வரவேண்டாம்' எண்டதும் போனிலைதான். ரெண்டு வருசம் உங்கடை கோலுக்கை நிண்டவள். உங்களிலை ஒருத்தர் எங்கடை வாசலுக்கு வந்தனீங்களே?"

அவர்கள் போய்விட்டார்கள். ஜெனிற்றா பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ரீச்சர் அதே இடத்தில் நின்றார். கலியாணமோ சாமத்தியச் சடங்கோ, நேரில் போய் வாசலில் நின்று சொல்லாவிட்டால் 'சொல்லேல்லை' என்று முகத்தை நீட்டுகிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் ஒருவருக்கும் அவள் வீடு எந்த ஒழுங்கையில் என்று தெரியாது. எனக்கும் தெரியாது. நான் போன வருடமும் வந்து, அவள் ஆட்டத்தைப் பார்த்து, கைதட்டிவிட்டுப் போனவன்.

பொழுதுபட்ட பின் பேரின்பம் அண்ணை எனக்கு அழைப்பு எடுத்தார்.

"நீயும் அங்கை நிண்டு முதுகு காட்டினனியாம்?"

"ஓம் அண்ணை. மாசியிலை உங்களோடை நிண்டு பழகினது."

"அது வேறை. அவன் காசுக்கு நடத்திறவன். நான் ஊருக்காக நடத்திறன்."

"அதுதான் அண்ணை பயம். காசுக்கு நடத்திறவன் ஒரு நாளைக்கு வித்துப்போட்டுப் போவான். ஊருக்காக நடத்திறவரைக் கதிரையாலை ஆர் எழுப்பிறது?"

"அந்தப் பிள்ளையிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை, தெரிஞ்சுகொள். சங்கத்திலை சனம் கேக்குது."

"என்ன கேக்குது?"

"உனக்குத் தெரியும்தானே."

"தெரியும். உங்கடை வாயாலை கேப்பம் எண்டு."

அவர் அழைப்பைத் துண்டித்தார். பேரின்பம் அண்ணை கெட்டவரல்ல, அதையும் எழுதிவைக்கிறேன். ஊரில் யாருக்கு வருத்தம் என்றாலும் முதலில் அழைப்பு எடுப்பவர் அவர்தான். அதனால்தான் கோபம் எனக்குக் கூடுகிறது. கெட்டவன் ஒருவன் இதைச் செய்திருந்தால் ஊர் எப்போதோ முதுகைக் காட்டியிருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று குருநகரில் கடலுக்குப் போகமாட்டார்கள். காலையில் முதல் வேலையாகச் சின்னராசாவின் ஓட்டோவில் மங்களம் ரீச்சரும் கீர்த்தியும் நானும் புறப்பட்டோம். வேதக் கோயில் வாசலில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். மரியதாஸ் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழுந்தார், ஆனால் 'வாங்கோ' என்று சொல்லவில்லை. மனைவிதான் வெளியே வந்து கதிரைகளைத் துடைத்துப் போட்டார்.

"பிள்ளை பூசைக்குப் போயிட்டாள். இப்ப வந்திடுவாள். இருங்கோ," என்றார். பிறகு தயங்கினார். "சோடா வாங்குவிக்கட்டே?"

எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த வீட்டுக் கோப்பையைத் தொடமாட்டார்கள், பூட்டிய போத்தல் என்றால் மறுக்கமாட்டார்கள் என்பது அந்த வீட்டின் பழைய அனுபவம். ரீச்சருக்கு அது விளங்கியது. எனக்கும் விளங்கியது.

"சோடா வேண்டாம் தங்கச்சி. தேத்தண்ணி போடுங்கோ," என்றார் ரீச்சர். "எனக்குச் சீனி குறைய."

வந்த காரியத்தை ஒருவரும் தொடங்கவில்லை. தேத்தண்ணி வந்தது. குடித்தோம். மரியதாஸ் வலையைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்கு எதிரில் இருந்தார். ரீச்சர் இன்னொரு கோப்பை கேட்டு, அது வந்தபோது ஜெனிற்றா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள், பிறகு எங்கள் கைகளில் இருந்த கோப்பைகளைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத்தானே, ரீச்சர்?" என்றாள்.